எக்ஸ்ரே அறையில் எரியாத பல்பு

வாசகர் கேள்விக்கு மருத்துவ இயற்பியலாளர் ஒருவரின் பதில்

வடசென்னையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை பார்க்கும் 28 வயதுப் பெண் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், மருத்துவமனை எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஐந்து வருட அனுபவம். ஒரு நாளைக்கு 35, 40 படங்கள். துறைமுகத்தில் சுமை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், காசிமேட்டு மீனவர்கள், விடாத இருமலோடு வரும் முதியவர்கள் என்று கூட்டம் ஓயாது. கதிர் விழும் பரப்பைச் சுருக்கும் கொலிமேட்டரில், கதிர் எங்கே விழும் என்று வெளிச்சத்தால் காட்டும் விளக்கு எரிந்துபோய் ஏழு மாதம் ஆகிறது. “படத்தில் எதுவும் வெட்டுப்படக் கூடாதே என்று முழுதாகத் திறந்து வைத்தே எடுக்கிறேன்” என்கிறார். தரச் சோதனைச் சான்று காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பணியாளர்மேல் படும் கதிரை அளக்கும் மூன்று டிஎல்டி பேட்ஜ்கள் எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஓர் ஆணியில் தொங்குகின்றன. வேலையை விட்டுப் போனவருடைய பேட்ஜைப் புதிதாக வந்த பையன் மாட்டிக்கொள்கிறான். குழந்தைகளுக்குப் படம் எடுக்கும்போது தாய்மார்கள் பயப்படுகிறார்கள் என்று இவரே பிடித்துக்கொள்கிறார். போன வாரம் மேலாளர் அழைத்து, “நீயே ஆர்எஸ்ஓவாக (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக) கையெழுத்துப் போடு, பழைய சோதனைத் தாளில் இருக்கும் எண்களைப் பார்த்துப் புதுத் தாளையும் நிரப்பிவிடு” என்று சொல்லியிருக்கிறார். இதற்கு நடுவே இவர் ஒன்பது வாரக் கர்ப்பிணி. மாமியார் வேலையை விடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், “எக்ஸ்ரே ரூமில் கிடந்த வயிறு, நல்லா யோசிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து தூக்கம் இல்லை.

குழந்தைக்கு ஆபத்தா? கையெழுத்துப் போடலாமா? புகார் சொன்னால் மருத்துவமனைக்கே சீல் வைத்து, முப்பது பேர் வேலை போய்விடுமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் குழந்தை. மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இந்தக் கர்ப்பத்தைத் தொடரலாமா என்று யோசிக்கக் கதிர்வீச்சு ஒரு காரணமே இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். கருவுக்குக் கிடைத்த அளவு 100 மில்லி கிரேக்குக் (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு கிரே) கீழே இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கர்ப்பத்தைக் கலைப்பது நியாயமில்லை என்பது சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. உங்கள் நிலை என்ன? ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் நோயாளியின் தோலில் விழுவது தோராயமாக 0.2 மில்லி கிரே. அவர் உடலில் பட்டுச் சிதறி ஒரு மீட்டர் தள்ளி வந்து சேர்வது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அதிலும் கால் பங்குதான். இந்த ஒன்பது வாரத்தில் 2000 நெஞ்சுப் படம் எடுத்திருந்து, ஈயத் தடுப்பே இல்லாமல் இரண்டு மீட்டர் தள்ளி நின்றிருந்தாலும் மொத்தம் 0.1 மில்லி கிரேதான் வரும். இடுப்பு, முதுகுத்தண்டுப் படங்களுக்கு இதைவிடப் பல மடங்கு கதிர் தேவைப்படும், உண்மைதான். உங்களிடம் வருகிறவர்களில் எட்டில் ஒருவருக்கு அந்தப் படம் என்று வைத்துக் கூட்டினாலும், தடுப்பில்லாமலே 1 மில்லி கிரேக்குள் அடங்கிவிடுகிறது. நீங்களோ எப்போதும் ஈயத் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1.5 மில்லிமீட்டர் ஈயத்துக்கு இணையான அந்தத் தடுப்பைத் தாண்டி வருவது மிக மிகச் சொற்பம். குழந்தைகளைப் பிடித்துக்கொண்ட நாட்களில் கொஞ்சம் கூடியிருக்கும். அதையும் சேர்த்துக்கொண்டாலும் 100 எங்கோ இருக்கிறது, நீங்கள் எங்கோ இருக்கிறீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்: ஒரு மனிதருக்கு மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாகவே ஒரு வருடத்தில் வந்து சேரும் கதிர்வீச்சின் உலக சராசரி 2.4 மில்லி சீவர்ட். (எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை கிரே, சீவர்ட் இரண்டையும் இங்கே ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளலாம்.)

இன்னொன்று. படம் எடுத்து முடித்தபின் கதிர் அறையில் தேங்கி நிற்கும் என்று பயந்து ஐந்து நிமிடம் வெளியே காத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். வேண்டியதில்லை. பட்டனிலிருந்து கை எடுத்த நொடியில் கதிர் நின்றுவிடும். சுவரிலோ படுக்கையிலோ நோயாளியின் உடம்பிலோ எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது. அந்த ஐந்து நிமிடத்தை நோயாளியைச் சரியாகப் படுக்கவைப்பதில் செலவிடுங்கள், இரண்டாவது படமே தேவைப்படாது.

கர்ப்பத்தை எழுத்தில் சொல்லுங்கள்

வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைத்து வைத்திருக்கிறீர்கள். நிலைமை நேர்மாறானது. நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து 100 மில்லி சீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் கர்ப்பம் என்று தெரிவித்த நாளிலிருந்து பிரசவம் வரை கருவுக்கு 1 மில்லி சீவர்ட் மட்டுமே. இந்தக் கூடுதல் பாதுகாப்பு நீங்கள் தெரிவித்தால்தான் தொடங்கும். தெரிவித்த பிறகு, வேலை முறையை அதற்கேற்ப மாற்றித் தருவது நிர்வாகத்தின் கடமை. உங்களை வீட்டுக்கு அனுப்பச் சட்டம் சொல்லவில்லை, வேலையை மாற்றி அமைக்கத்தான் சொல்கிறது.

நிலையான கருவியில், தடுப்புக்குப் பின்னால் நின்று எடுக்கும் வேலையை நீங்கள் தாராளமாகத் தொடரலாம். நிறுத்த வேண்டியவை மூன்று: ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் என்னும் நகரும் எக்ஸ்ரே கருவியின் பக்கத்தில் நிற்பது, வார்டில் போர்ட்டபிள் கருவியால் படம் எடுப்பது, நோயாளியைப் பிடித்துக்கொள்வது. மூன்றாவதைக் கர்ப்பம் இல்லாத டெக்னீஷியனும் செய்யக் கூடாது. தாய்க்கு அது வாழ்நாளில் ஒரு தடவை, உங்களுக்குத் தினசரி. குழந்தையின் அப்பாவோ பாட்டியோ ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு, நேர்க்கதிரில் கை படாமல் பிடிக்கட்டும். பயப்படுகிற தாயிடம், “இவ்வளவு சின்ன அளவு, ஒரே ஒரு தடவை” என்று நீங்கள் சொன்னால் நம்புவார்கள். நம் பக்கத்துப் பெண்கள் டாக்டரிடம் கேட்கத் தயங்குவதையெல்லாம் எக்ஸ்ரே அறையில்தான் கேட்கிறார்கள்.

மாமியார் பேச்சைக் கேட்டு இப்போதே ராஜினாமா கொடுக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார மகப்பேறு விடுப்பு உங்கள் உரிமை. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். உங்களுக்கு இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் அந்தப் பணம் அங்கிருந்தே வரும், மருத்துவமனைக்கு அதில் செலவு இல்லை. மேலாளரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், பாதி முறைப்பு அங்கேயே குறையும்.

பேட்ஜ் காப்பாற்றாது, கணக்குத்தான் சொல்லும்

“பேட்ஜ் போட்டிருந்ததால் தைரியமாக இருந்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். பேட்ஜ் கவசம் இல்லை. அதற்குள் இருக்கும் மூன்று சிறிய வில்லைகள் தம்மேல் பட்ட கதிரின் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் சூடாக்கும்போது அதை ஒளியாக வெளியிடும். அந்த ஒளியை அளந்துதான் உங்கள் கணக்கை எழுதுகிறார்கள். அது எக்ஸ்ரே அறை ஆணியில் தொங்கினால் ஆணியின் கணக்குத்தான் வரும். புதுப் பையன் இன்னொருவர் பேட்ஜை மாட்டினால் அவன் வாங்கும் கதிர், வேலையை விட்டுப் போனவர் பெயரில் ஏறிக்கொண்டிருக்கும். நாளைக்கு அவனுக்கு ஏதாவது என்றால் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. அவனுக்காகவும் பேசுங்கள், அவனுக்குத் தெரியாது.

பேட்ஜ் மார்பு உயரத்தில், ஏப்ரனுக்கு உள்ளே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் எக்ஸ்ரே அறைக்கு வெளியே, கதிர் வராத இடத்தில், கட்டுப்பாட்டு பேட்ஜோடு (ஒப்பிடுவதற்காக யாரும் அணியாமல் வைத்திருப்பது) சேர்த்து வையுங்கள். இதுவரை வந்த அளவு அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உடம்பின் கணக்கு, அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. எண் கூடுதலாக வந்திருந்தால் பதறாதீர்கள், ஆணிக் கதையை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்த பல்பு

உங்கள் கடிதத்தில் எனக்கு நெருடியது இந்த இடம்தான். நான்கு பக்கத்தில் பல்புக்கு ஒன்றரை வரி கொடுத்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் பாதிக் கடிதமே அதுதான். தரச் சோதனை என்றால் சான்றிதழுக்கான சடங்கு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு என்றால் ஏப்ரனும் பேட்ஜும் என்று பிரித்து வைத்திருக்கிறோம். எக்ஸ்ரே அறையில் இரண்டும் ஒன்றேதான். கதிர் எங்கே விழுகிறது என்று தெரியாமல் எடுக்கும் ஒவ்வொரு படமும் பாதுகாப்புக் குறைபாடு.

முழங்காலுக்கு 18-க்கு 24 சென்டிமீட்டர் போதும். நீங்கள் முழுதாகத் திறந்து 35-க்கு 43 விடுகிறீர்கள். பரப்பு மூன்றரை மடங்கு. வேண்டாத தொடையிலும் மறு காலிலும், குழந்தை என்றால் அடிவயிற்றிலும்கூட கதிர் விழுகிறது. அதிகப் பரப்பு என்றால் அதிகச் சிதறல். சிதறல் படத்தை மங்கலாக்கும், மங்கினால் டாக்டர் திருப்பி எடுக்கச் சொல்வார். அதே சிதறல்தான் தடுப்பின் ஓரமாக உங்களிடமும் வருகிறது. ஆக, நோயாளி, படம், நீங்கள், வயிற்றிலுள்ள குழந்தை நான்கு பேருக்கும் அந்த ஒரு பல்பு பொறுப்பு.

பல்பு வரும்வரை கொலிமேட்டர் முகப்பில் உள்ள அளவுகோலைப் பயன்படுத்துங்கள். குமிழைத் திருப்பும்போது, எத்தனை சென்டிமீட்டர் தூரத்துக்கு எவ்வளவு பரப்பு என்று அதில் குறித்திருக்கும். டேப் வைத்துத் தூரத்தை அளந்து, அதன்படி சுருக்குங்கள். முழுதாகத் திறப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பல்பு மாற்றிய பிறகும் வேலை முடிந்துவிடாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் சர்வீஸ்காரர் பல்பை மாற்றும்போது உள்ளே இருக்கும் கண்ணாடி லேசாகத் திரும்பிவிட்டது. வெளிச்சம் அழகாக விழுந்தது, கதிர் வேறு இடத்தில் விழுந்தது. ஒரு மாதம் முழுக்க நெஞ்சுப் படங்களில் ஒரு பக்க நுரையீரல் உச்சி வெட்டுப்பட்டு வந்தது. காசநோய் முதலில் எட்டிப் பார்ப்பதே பெரும்பாலும் நுரையீரலின் அந்த உச்சியில்தான். அங்கிருந்த டெக்னீஷியன் தம்பிக்குத் திட்டு மேல் திட்டு. கடைசியில் நாணயம் வைத்துப் பார்த்தோம், நான்கு சென்டிமீட்டர் விலகியிருந்தது. இவ்வளவு நாள் அவனைக் கேட்டோமே, கருவியை ஒருநாளும் கேட்கவில்லையே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அந்த நாணயச் சோதனையை நீங்களும் செய்யலாம். கேசட்டை (படம் பதியும் தட்டை) மேசைமேல் வைத்து, கதிர் வரும் ட்யூபை 100 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். வெளிச்சத்தைக் கேசட்டைவிடச் சிறிதாகச் சுருக்குங்கள். வெளிச்சத்தின் நான்கு ஓரத்திலும் இரண்டிரண்டு நாணயங்களை, ஒன்று உள்ளே ஒன்று வெளியே, ஓரக்கோட்டைத் தொட்டபடி வையுங்கள். எது மேல்பக்கம் என்று தெரிய ஒரு நாணயம் தனியாக. மிகக் குறைந்த அளவில் ஒரு எக்ஸ்போஷர். படத்தில் கதிரின் ஓரம், நாணயங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். தூரத்தில் 2 சதவீதம், அதாவது 100 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வரைதான் அனுமதி. தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். பல்போ கண்ணாடியோ தொட்ட ஒவ்வொரு தடவையும், மற்றபடி மாதம் ஒருமுறையும் செய்தால் போதும்.

கூடவே அந்த நோட்டில் திருப்பி எடுத்த படங்களையும் எழுதுங்கள்: எந்தப் படம், ஏன். அசைந்துவிட்டாரா, வெட்டுப்பட்டதா, வெளுத்துவிட்டதா. யாரையும் மாட்டிவிடுவதற்கான பட்டியல் இல்லை இது. இரண்டு மாதத்தில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு கருவியிலா, முறையிலா என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஏப்ரன்களை மடிக்காமல் கம்பியில் தொங்கவிடுங்கள். வருடம் ஒருமுறை அவற்றையே படம் எடுத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய எண்ணைப் பார்த்து எழுதலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி எக்ஸ்ரே கருவிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது, கதிர் சம்பந்தப்பட்ட பெரிய பழுது பார்த்த பிறகும், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அளவுக் கருவிகளோடு வந்து அளக்க வேண்டும். நீங்கள் வைத்த கேவிக்கும் (ட்யூபின் மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்) உண்மையில் வரும் கேவிக்கும் வித்தியாசம் 5 கேவிக்குள் இருக்கிறதா, நேரம் 10 சதவீதத்துக்குள் சரியா, ஒரே அளவை ஐந்து தடவை கொடுத்தால் ஐந்து தடவையும் ஒரே மாதிரி கதிர் வருகிறதா, ட்யூப் உறையிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் கசிவு ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லி கிரேக்குள் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கருவிக்கும் வயதாகும். 80 கேவி என்று வைத்தால் 70தான் வருகிறது என்று வையுங்கள். படம் சரியாக வராது, நீங்கள் எம்ஏஎஸ்ஸை, அதாவது கதிரின் அளவை, ஏற்றுவீர்கள். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். பிலிம் காலத்தில் கதிர் அதிகமானால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்தது. இப்போது சிஆர், டிஆர் என்னும் டிஜிட்டல் முறைகளில் எதுவானாலும் கணினி எல்லாவற்றையும் சரிசெய்து அழகாகக் காட்டிவிடும், நோயாளி இரண்டு மடங்கு வாங்கியிருப்பது யாருக்கும் தெரியாது. எவ்வளவு கதிர் வந்து விழுந்தது என்று காட்டத் திரையின் மூலையில் வரும் எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் எண்ணை இதற்காகத்தான் கவனிக்கச் சொல்கிறோம். பழைய எண்ணை எழுதிவைத்தால் இத்தனையும் அந்தத் தாளுக்கு அடியில் மறைந்துபோகும், கீழே உங்கள் கையெழுத்து இருக்கும்.

ஆர்எஸ்ஓ என்னும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் பொறுப்பு “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி” என்று மேலாளர் சொன்னதும் சரியில்லை. நிர்வாகம் நியமித்து, வாரியத்தின் ஒப்புதல் பெற்று வரும் பொறுப்பு அது. 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளில் அதற்கென்று கடமைகள் உண்டு, குறைபாட்டைச் சொல்லாமல் விட்டால் அவரும் பதில் சொல்ல வேண்டும். தகுதியுள்ள டெக்னீஷியன் இதை ஏற்கலாம். உண்மையில் நீங்கள் நல்ல ஆர்எஸ்ஓவாக வருவீர்கள் என்றே நினைக்கிறேன், பல்பு எரியாததை ஏழு மாதமாக எண்ணி வைத்திருக்கிறீர்களே. ஆனால் பல்பு மாறி, சோதனை நடந்து, பேட்ஜ்கள் சரியான பேருக்கு வந்தபின் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன் போட்டால், அடுத்தவர் விட்ட பிழை எல்லாம் உங்கள் பெயரில் சேரும்.

புகாரா, பேச்சா?

நான் சொல்லும் வரிசை இது. முதலில் மருத்துவமனை உரிமையாளரான டாக்டரிடம் நேரில். பல சிறிய மருத்துவமனைகளில் மேலாளர் மறைப்பது டாக்டருக்கே தெரிவதில்லை. பேசிய அன்றே எழுத்திலும் கொடுங்கள். நீளம் வேண்டாம்: “கொலிமேட்டர் விளக்கு இந்தத் தேதியிலிருந்து எரியவில்லை. தரச் சோதனைச் சான்று இந்தத் தேதியில் முடிந்துவிட்டது. விளக்கை மாற்றி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தை வைத்துச் சோதனை நடத்தவும், என் பெயரில் தனி பேட்ஜ் தரவும் கேட்டுக்கொள்கிறேன். நான் கர்ப்பமாக இருப்பதையும் இதன்மூலம் தெரிவிக்கிறேன்.” நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இரண்டு, மூன்று வாரம் பாருங்கள். அசையவில்லை என்றால் வாரியத்தின் தெற்கு மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது, அங்கே எழுதலாம். மருத்துவமனையை இழுத்து மூடிவிடுவார்கள் என்ற பயம் மிகையானது. வாரியம் படிப்படியாகத்தான் போகும். முதலில் குறையைச் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் உத்தரவு, கேட்காவிட்டால் அந்தக் கருவியை நிறுத்தச் சொல்வது, அப்புறம்தான் உரிமத்தில் கை வைப்பது. நிற்பது எக்ஸ்ரே கருவி, மருத்துவமனை இல்லை. ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை: சிறிய இடத்தில் யார் எழுதினார்கள் என்பது தெரிந்துவிடும். முகச்சுளிப்பு வரலாம், ஷிஃப்ட் மாற்றி அலைக்கழிக்கலாம். அதனால்தான் முதலில் உள்ளே எழுத்தில் கொடுக்கச் சொல்கிறேன். பிறகு என்ன நடந்தாலும், நீங்கள் முன்பே சொன்னீர்கள் என்பதற்குச் சாட்சி கையில் இருக்கும்.

செலவைக் காரணம் காட்டினால், ஒரு பல்பின் விலையையும், ஒரு மாதத்தில் திருப்பி எடுத்த படங்களின் எண்ணிக்கையையும் நோட்டிலிருந்து எடுத்து டாக்டர் முன்னால் வையுங்கள். நான் பார்த்தவரையில் இந்தக் கணக்குக்கு மசியாத உரிமையாளர் குறைவு.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாதாட வேண்டாம். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடைசி நான்கு பேட்ஜ் அறிக்கைகள் கையில் கிடைத்ததும் எண்களையும், அந்தந்த மாதங்களில் எத்தனை தடவை குழந்தைகளைப் பிடித்துக்கொண்டீர்கள் என்ற உத்தேசக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். கருவுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று போட்டு, அந்த மருத்துவரிடம் கொடுக்கும்படி ஒரு கடிதமாக எழுதித் தருகிறேன்.